கிச்சிப்பாளையத்தில் ஞாயிறு மதிய உணவு: தன்னார்வலராகச் சேருமுன் சில ஐயங்கள்

கேள்வி: அழகாபுரம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். சேலம் அழகாபுரத்தில் குடியிருக்கிறேன். தனியார் கல்லூரி ஒன்றில் வணிகவியல் கற்பிக்கிறேன். கிச்சிப்பாளையத்தில் சிறிய அறக்கட்டளை ஒன்று ஞாயிற்றுக்கிழமைதோறும் மதியம் 120 குழந்தைகளுக்குச் சமைத்துப் பரிமாறுகிறது. உடன் பணியாற்றும் தோழி அழைத்ததால் சென்ற மாதம் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறுகள் போய்வந்தேன். தொடர்ந்து வர முடியுமா என்று அவர்கள் கேட்கிறார்கள். மனம் போ என்கிறது; ஆனால் சில கேள்விகளுக்கு விடை தெரியாமல் வாக்குக் கொடுக்கத் தயங்குகிறேன்.

முதல் ஞாயிறு என்னைச் சாம்பார் வாளியோடு நிறுத்தினார்கள். பந்தியின் கடைசியில் ஒன்பது வயது இருக்கும் சிறுமி ஒருத்தி, தட்டில் இருந்ததில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, பாவாடை மடிப்பிலிருந்து மூடியில்லாத டப்பா ஒன்றை எடுத்து, "அக்கா, இதுல கொஞ்சம் போடுங்க, ஆயாவுக்கு" என்றாள். வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது என்பது அங்கே விதி என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் நின்றதைப் பார்த்து அவளே டப்பாவை மறைத்துக்கொண்டாள். அந்தக் காட்சி இன்றுவரை என்னைவிட்டு அகலவில்லை.

இரண்டாம் ஞாயிறு வேறொரு வருத்தம். அன்று உணவுச் செலவை ஏற்றவரின் மகனுக்குப் பிறந்தநாள். குழந்தைகள் தட்டு முன்னால் உட்கார்ந்த பிறகு கேக் வந்து சேர்ந்து, அதை வெட்டி, பாட்டுப் பாடி, படம் எடுத்து முடிக்க ஏறத்தாழ அரை மணி நேரம் ஆயிற்று. சோற்றைப் பார்த்துக்கொண்டே குழந்தைகள் கைதட்டினார்கள். நன்கொடையாளர் மனம் நோகக் கூடாது என்பது எனக்கும் புரிகிறது. ஆயினும் அந்த அரை மணி நேரத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்றாம் ஞாயிறு உறவினர் வீட்டு முகூர்த்தம் இருந்ததால் போகவில்லை. "சாம்பார் அக்கா ஏன் வரல?" என்று அந்தச் சிறுமி விசாரித்ததாகத் தோழி சொன்னார். இரண்டே முறை பார்த்த என்னை ஒரு குழந்தை எதிர்பார்த்திருக்கிறது என்பது மகிழ்ச்சியைவிட அச்சத்தையே தந்தது.

இதற்கிடையே என் தந்தையார், அரசே காலையும் மதியமும் பள்ளியில் சாப்பாடு போடும்போது தனியாக நாம் போட வேண்டிய தேவை என்ன என்று கேட்கிறார். அவருக்கு என்னால் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை. மாதத்தில் மூன்று ஞாயிறுகள் என்னால் உறுதியாக வர முடியும். பெரிய அளவில் சமைத்துப் பழக்கமில்லை. இப்படிப்பட்ட ஒருவரால் உண்மையில் பயன் உண்டா? அந்த டப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

மறுமொழி: ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்

வணக்கம் அம்மா. மாநகராட்சிப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது. பலருக்கும் அதே ஐயம் இருப்பதால் முதலில் அதற்கே வருகிறேன்.

பள்ளியில் சோறு போடுவதில் தமிழ்நாட்டுக்கு நூறாண்டுப் பழக்கம் உண்டு. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956இல் காமராசர் காலத்தில் அது மாநிலத் திட்டமாக விரிந்தபோது, கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் நெல்லும் பணமும் திரட்ட ஊக்கம் தந்தார். ஊரார் பங்கு அப்போதே அதில் கலந்திருந்தது என்பதை உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1 அன்று கிராமங்களில் தொடங்கி, செப்டம்பர் 15 அன்று நகரங்களுக்கும் கொண்டுவந்தார். 1984இல் அது 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் கிடைத்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 15இல், அண்ணா பிறந்தநாளில், மதுரையில் தொடங்கியது. அத்திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம் என்று கணக்கு. இவ்வளவும் நம் அரசு செய்கிறது. அதில் என் உழைப்பும் கொஞ்சம் இருக்கிறது என்பது எனக்குப் பெருமை.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளி ஆண்டுக்குக் குறைந்தது 200 நாட்களும் நடுநிலை வகுப்புகள் 220 நாட்களும் நடக்க வேண்டும். ஆண்டில் மீதமுள்ள ஏறத்தாழ 145 முதல் 165 நாட்கள் வரை பள்ளி அடுப்பு எரிவதில்லை. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பசி குறைந்துவிடுவதில்லை. கிச்சிப்பாளையம், களரம்பட்டி பக்கம் கடன் வாங்கியாவது பிள்ளையைக் கட்டணப் பள்ளியில் சேர்த்துவிடும் பெற்றோர் ஏராளம். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு திட்டங்களும் கிடையா. கட்டட வேலைக்காக வெளி மாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களின் பிள்ளைகள் பலர் எந்தப் பள்ளியின் பதிவேட்டிலும் இல்லை.

இதை எனக்குக் காட்டித் தந்தது திங்கட்கிழமைகள்தான். வெள்ளிக்கிழமை மிச்சமாகும் அதே அளவுச் சோறு திங்கட்கிழமை போதாது. இரண்டாம் முறை தட்டை நீட்டும் பிள்ளைகள் அன்று அதிகம். பரிமாறி முடிப்பதற்குள் வரிசையின் முன்பகுதி மறுபடியும் வந்து நிற்கும். ஜூன் மாதப் பள்ளித் திறப்பில் இன்னும் தெளிவாகத் தெரியும். ஏப்ரலில் விட்டுப்போன பிள்ளை முகம் ஒட்டித் திரும்பி வரும். ஆகவே ஞாயிறும் கோடை விடுமுறையும்தான் உங்களைப் போன்றவர்கள் வர வேண்டிய இடங்கள். பள்ளி நாளில் மதியம் பள்ளி வாசலில் பொட்டலம் கொடுக்க வந்த நல்லவர்கள் பலரை நானே திருப்பியனுப்பியிருக்கிறேன். உள்ளே முட்டையோடு சோறு காத்திருக்கும்போது வெளியே பிரியாணி கொடுத்தால், பிள்ளை வெளியே ஓடும், உள்ளே சமைத்தது வீணாகும், மறுநாள் பொட்டலம் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வயிறு நிறைவதும் உடம்பு தேறுவதும் வேறு வேறு. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள். ஆகவே ஞாயிறு சமையலில் முருங்கைக்கீரையோ சிறுகீரையோ இருக்கிறதா, முட்டை இருக்கிறதா, எலுமிச்சையோ நெல்லிக்காயோ ஏதோ ஒரு புளிப்பு உடன் வருகிறதா என்று கேளுங்கள். கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அந்தப் புளிப்பு உதவும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் கொடுத்தால் அது தடைபடும். அன்பு மிகுதியால் சாப்பிட்ட கையோடு டீ ஊற்றிக் கொடுப்பவர்களை நம் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இதை எடுத்துச் சொன்னால் உடனே நிறுத்திக்கொள்கிறார்கள்.

மறுமொழி: செவ்வாய்ப்பேட்டை சமையற்கூடத் தன்னார்வலர்

அம்மா மேலே சொன்னவற்றில் ஒரு சொல்லுக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் அடுப்புப் பக்கத்து ஆள். ஒன்பது ஆண்டுகளாக வேறொரு குழுவில் சமையலுக்கு உதவி செய்கிறேன். சமைத்துப் பழக்கமில்லை என்று சகோதரி எழுதியிருப்பதால் அந்தப் பக்கத்தைச் சொல்கிறேன்.

120 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 100 கிராம் வீதம் 12 கிலோ அரிசி, பருப்பு மூன்று கிலோ, காய் எட்டு முதல் பத்துக் கிலோ வரை, முட்டை 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகையை லீ பஜாரில் மாதம் ஒரு முறை மொத்தமாக வாங்கிவிடலாம்; காய்கறியை ஞாயிறு விடியற்காலையில் உழவர் சந்தையில் வாங்கினால் விலையும் குறையும், கீரையும் வாடாமல் கிடைக்கும். அண்டாவில் சோறு வடிக்கப் பழகிய கை வேண்டும். அதற்குப் பெரும்பாலும் கூலிக்கு ஒரு சமையல்காரர் இருப்பார். மற்ற வேலைகளுக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. கீரை ஆய்வது, 120 முட்டை உரிப்பது, வந்தவர்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது, பந்தி முடிந்தபின் அண்டா தேய்ப்பது ஆகியவற்றுக்குப் பத்துப் பேர் பெயர் கொடுத்தால் மூன்று பேர் வருவார்கள். பரிமாறுவதற்கு மட்டும் எப்போதும் கூட்டம் இருக்கும். ஆகவே உங்களால் பயன் உண்டா என்று ஐயப்பட வேண்டாம். காலை ஏழரை மணிக்கு வந்து கீரைக்கட்டைப் பிரிக்கத் தயார் என்றால் உங்களைத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள்.

நாங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது எந்தக் குழுவுக்கும் நேரக்கூடியது. ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதம். அன்று மதியத்துக்கு மேல் சமையல்காரருக்கு வேறு வேலை இருந்ததால் காலை எட்டரைக்கே தக்காளிச் சாதம் கிளறி, சூட்டோடு பாலிதீன் பைகளில் கட்டி, அட்டைப் பெட்டிகளில் அடுக்கிவிட்டோம். கொண்டுபோக வேண்டிய வண்டி பழுதாகி, கொடுத்து முடிக்க இரண்டே முக்கால் மணி ஆகிவிட்டது. ஒரு பையை அவிழ்த்து விரலால் எடுத்துப் பார்த்தபோது சாதம் நூல் விட்டிருந்தது. உடனே நிறுத்தினோம்; ஆனால் அதற்குள் முப்பது பைகளுக்கு மேல் கைமாறிவிட்டன. அன்று மாலைக்குள் ஏழு பிள்ளைகளுக்கு வாந்தி. அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் இரவு முழுவதும் உடன் இருந்தோம்; கடவுள் புண்ணியத்தில் எல்லாரும் மறுநாளே வீடு திரும்பினார்கள். ஒரு தாய் எங்களைத் திட்டவில்லை. "இனிமே பாத்துக் குடுங்க சாமி" என்று மட்டும் சொன்னார். இப்போது எழுதும்போதும் அந்தக் குரல் காதில் கேட்கிறது.

பிறகு உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் உட்கார வைத்து விளக்கினார். அரிசியில் இருக்கும் ஒருவகை நுண்ணுயிரின் வித்து கொதியிலும் சாவதில்லை. சோறு மிதமான சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஒன்று, 60 டிகிரிக்கு மேல் கைபொறுக்காத சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால், அடுப்பிலிருந்து இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் பிள்ளை வாயில் போய்ச் சேர வேண்டும். அன்றிலிருந்து பொட்டலம் கட்டுவதையே விட்டுவிட்டோம். பதினோரு மணிக்கு உலை, பன்னிரண்டரைக்குப் பந்தி, ஒன்றரைக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். தேங்காய்ச் சட்னி எங்கள் பட்டியலிலேயே கிடையாது. சமைத்ததில் ஒரு கரண்டியை முதலில் எங்களில் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதும் அப்போது ஏற்படுத்திய வழக்கம்தான்; இலவசமாகக் கொடுத்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் அப்போதுதான் அறிந்து பதிவு செய்தோம். நீங்கள் சேரும் அறக்கட்டளையில் அந்தப் பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

டப்பா விதி பல இடங்களில் ஏன் இருக்கிறது என்பதும் இதிலிருந்து உங்களுக்கு விளங்கும். மூடியில்லாத டப்பாவில் போன சாம்பார் சாதத்தைப் பாட்டி ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டால், அதற்கு யார் பொறுப்பு? அந்த அச்சம்தான் காரணம். கொடுத்தனுப்புவதை நான் ஆதரிப்பதில்லை.

குழந்தைகளோடு பழகுவதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. எந்தப் பிள்ளையையும் தனியே அழைத்துப்போவதோ, கைப்பேசி எண்ணைக் கொடுத்துத் தனியாகப் பேசுவதோ கூடாது. எப்போதும் பெரியவர்கள் இருவர் உடன் இருக்க வேண்டும். ஒரு பிள்ளை அடிபட்டு வந்தாலோ, வேலைக்கு அனுப்பப்படுவதாகத் தெரிந்தாலோ, நாமே விசாரணை செய்யப் புறப்படாமல் பொறுப்பாளரிடம் சொல்லி 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

மறுமொழி: குகை நெசவாளர் மகன்

இந்தக் கேள்விக்குப் பந்தியின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். 1990களில் சேலம் குகைப் பகுதியில் லைன் வீடு ஒன்றில் வளர்ந்தேன். அப்பா தறியில் உட்காருவார், அம்மாவும் நானும் நெய்வதற்கான நூலைத் தாரில் சுற்றுவோம். தறியில் ஏற்றும் பாவு நூல் கிடைக்காத வாரங்களில் வீட்டில் ஒருவேளைச் சமையல்தான். அப்போது எங்கள் தெருவுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஞாயிறு மதியம் சிலர் சோறு போட்டார்கள். இரண்டு ஆண்டுகள் அங்கே சாப்பிட்டேன்.

அங்கே என்ன சமைத்தார்கள் என்பது இப்போது எனக்கு அவ்வளவாக நினைவில்லை. மண்டபத்தின் மரக்கதவு திறக்கும் சத்தம் நினைவிருக்கிறது. பன்னிரண்டு மணிக்குத் திறப்பார்கள். நாங்கள் பதினொன்றரைக்கே எதிர்த் திண்ணையில் உட்கார்ந்திருப்போம். ஞாயிறன்று அங்கே சோறு உண்டு என்பதால் அம்மா எங்கள் பங்கை உலையில் போட மாட்டார். ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் அவர்கள் வரவில்லை. ஒன்றரை மணி வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கே பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. அம்மா அன்று எங்களிடம் எதுவும் பேசாமல் பொட்டுக்கடலையும் வெல்லமும் வாங்கி வந்து கொடுத்தார். அவர்களுக்கு ஏதோ தவிர்க்க முடியாத காரணம் இருந்திருக்கும்; இன்று அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் உணவு கொடுக்கத் தொடங்கும் குழு, ஒரு வீட்டு உலையின் அளவையே மாற்றிவிடுகிறது என்பதைச் சேருபவர் ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டும். வர முடியாத வாரத்தை முந்தைய வாரமே சொல்லிவிட்டால் போதும். அம்மா அரைப்படி சேர்த்துப் போட்டிருப்பார்.

படம் எடுப்பது பற்றிச் சகோதரி எழுதியது என்னை உலுக்கிவிட்டது. நான் சாப்பிடும் படம் ஒன்று, நன்கொடை கேட்டு அச்சடித்த துண்டறிக்கையில் வந்தது. வாயில் சோறோடு, கண்ணை மேலே தூக்கிப் பார்க்கும் படம். அது எங்கள் பள்ளிக்கும் வந்து சேர்ந்தது. வகுப்பில் ஒருவன் அதை எடுத்துக் காட்டினான். அதன் பிறகு அந்த மண்டபத்துக்கு நான் போகவே இல்லை, பசித்தாலும் போகவில்லை. வீட்டில் வயிற்றுவலி என்று சொல்லிவிடுவேன். படம் எடுத்தவர் நல்ல மனிதர். என் தலையைத் தடவிவிட்டுத்தான் எடுத்தார். கேட்டிருந்தால் ஒன்பது வயதில் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். ஆகவே குழந்தையிடம் கேட்டுவிட்டோம் என்பது காரணமாகாது. கணக்குக்குப் படம் வேண்டுமென்றால் அண்டாவை எடுக்கலாம், கீரைக்கட்டை எடுக்கலாம், பின்னாலிருந்து பந்தியை எடுக்கலாம்.

கேக் விஷயத்தில் எனக்குக் கோபம் இல்லை. எங்களுக்கும் அது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்த பிறகு வெட்டச் சொல்லுங்கள். நிறைந்த வயிற்றோடு பிள்ளைகள் இன்னும் சத்தமாகப் பாடுவார்கள்.

டப்பா பற்றி மட்டும் செவ்வாய்ப்பேட்டை நண்பரோடு நான் ஒத்துப்போகவில்லை. அவருடைய அச்சம் உண்மையானது. அவர் பட்டது பெரிய அடி. ஆனால் அந்தச் சிறுமி பாதித் தட்டோடு நிறுத்தியதைக் கவனியுங்கள். டப்பாவில் போடாவிட்டால் அவள் மீதியைச் சாப்பிட்டிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டேன். வீட்டில் ஒருவர் பட்டினி என்று தெரிந்த பிள்ளைக்குச் சோறு இறங்காது. அந்த ஆயாவால் நடக்க முடியுமானால் பந்தியின் ஓரத்தில் ஒரு தட்டுப் போடுங்கள். நடக்க முடியாதென்றால் பெரியவர் ஒருவர் மூடிய தூக்குவாளியில் எடுத்துப்போய், அவர் கண்முன்னே சாப்பிடும் வரை இருந்து வாருங்கள். 120 பேருக்குச் சமைக்கும் இடத்தில் 121ஆவது தட்டுக்கு வழி பிறக்கும். விதியைச் சொல்லி அவளை மறைக்க வைத்துவிடாதீர்கள்.

மறுமொழி: சூரமங்கலம் கணக்காளர்

சுருக்கமாகப் பணம் பற்றி மட்டும். சேரும் முன் அறக்கட்டளையின் பதிவு ஆவணத்தையும் சென்ற ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும் பார்க்கக் கேளுங்கள். நேர்மையாக நடத்துபவர்கள் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். நன்கொடையாளருக்கு வரிச் சலுகை பெற்றுத்தரும் 80ஜி சான்று உள்ள அறக்கட்டளையாக இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது. அரிசி, எண்ணெய் என்று பொருளாகக் கொடுப்பதற்கும் கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகையே இல்லை. வணிகவியல் கற்பிப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். பல சிறு குழுக்களில் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால்தான் கணக்கு இருக்கிறது. மாதம் இரண்டு மணி நேரம் அதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தீர்களானால் அடுத்த ஆண்டு அவர்களுக்கு நன்கொடை திரட்டுவது எளிதாகும்.

மீண்டும்: அழகாபுரம் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஓய்வுபெற்ற அம்மா எழுதிய திங்கட்கிழமைக் கணக்கை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, முட்டைக்கு ஒரு வாரச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

அறக்கட்டளைப் பொறுப்பாளரோடு நேற்று ஒரு மணி நேரம் பேசினேன். உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்கிறது. குழந்தைகளின் முகம் தெரியப் படம் எடுப்பதை நிறுத்த ஒப்புக்கொண்டார். கேக்கைச் சாப்பாட்டுக்குப் பின் மாற்றுவது பற்றி, ஏற்கெனவே முன்பதிவு செய்துள்ள இரண்டு நன்கொடையாளர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். அது இன்னும் முடிவாகவில்லை, விடாமல் கேட்பேன். டப்பாவுக்கு அவர் மறுத்துவிட்டார். ஆனால் பாட்டியை அழைத்து வரச் சொல்லலாம் என்றார்.

இன்று காலை ஏழரைக்கே போய்விட்டேன். பதினெட்டுக் கட்டு முருங்கைக்கீரை. காம்பு நீக்கி உருவி முடிக்க மூன்று பேருக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. அந்தச் சிறுமி பன்னிரண்டு மணிக்கே ஆயாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தரையில் உட்கார அவரால் முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டோம். சிறுமி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து தன் தட்டை முழுவதும் காலி செய்துவிட்டு, ஆயாவுக்கு முட்டையை உதிர்த்துக் கொடுத்தாள்.

வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு எங்கள் கல்லூரியில் தேர்வுப் பணி இருப்பதால் வர இயலாது. பந்தி முடிந்ததும் அதை அவளிடம் சொன்னேன். "அப்ப சாம்பார் யாரு ஊத்துவாங்க?" என்று கேட்டாள். தோழியைக் கைகாட்டினேன். அவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "அவங்க காயே போட மாட்டாங்க, தண்ணியாத்தான் ஊத்துவாங்க, சொல்லி வெச்சிட்டுப் போங்க" என்றாள்.